சுப்பீரியர் ஏரியில் ஓர் ஆடிப்பெருக்கு

விசிட்டர் விசாவில் வந்து இறங்கும் அப்பா அம்மாவை எங்கெங்கே கூட்டிப்போக வேண்டும் என்பதற்கு டெட்ராய்ட் பக்கத்துத் தமிழர்களிடம் எழுதப்படாத பட்டியல் ஒன்று உண்டு. முதலில் நயாகரா. அப்புறம் பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயில். லீவு கிடைத்தால் நியூயார்க், வாஷிங்டன். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் படங்கள்தான் இருக்கும்: பின்னால் அருவியோ சிலையோ, முன்னால் ஸ்வெட்டரும் புது ஷூவும் போட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும் இரண்டு பேர். எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. நயாகராவில் அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ராத்திரியில தண்ணிய கொறைப்பாங்களா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். ஆனால் குறைக்கத்தான் செய்கிறார்கள். 1950இல் அமெரிக்காவும் கனடாவும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, கோடைக்காலப் பகலில் அருவிக்கு நொடிக்கு ஒரு லட்சம் கனஅடி விட வேண்டும். இரவில் அதில் பாதி போதும். மீதியெல்லாம் மின்சாரத்துக்குத் திரும்புகிறது. அதைப் படித்துச் சொன்னதும் அப்பா தலையை ஆட்டினார். "அதானே. தண்ணியப் பார்த்தாலே தெரியுது, யாரோ கைய வெச்சிருக்காங்கன்னு."

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரியில். மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, காலையில் அளவுகோலைப் பார்த்து மட்டத்தை நோட்டில் எழுதுவது, தன் பொறுப்பில் இருக்கும் கரையை நடந்து பார்த்து எங்கே எலி வளை, எங்கே கசிவு என்று செக்‌ஷன் ஆபீசில் போய்ச் சொல்வது, இதுதான் அவர் உத்தியோகம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அந்தக் கரையில்தான் தொடங்குகிறது. அப்பாவுக்கு வந்தியத்தேவனைத் தெரியாது. ராதா மதகில் எத்தனை அங்குலம் தூக்கினால் எந்த ஊர் வரை தண்ணீர் எட்டும் என்பது தெரியும். ஃபார்மிங்டன் ஹில்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. அபார்ட்மெண்ட்காரர்கள் அழகுக்கு வெட்டியது. அதைச் சுற்றிச் சுற்றி நடந்து அவர் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பாசனம் இல்லை என்று அறிந்த நாளிலிருந்து அதன் மேல் அவருக்கு மரியாதை போய்விட்டது.

மேலே, மிச்சிகனின் அப்பர் பெனின்சுலாவுக்குப் போகலாம் என்றது என் மனைவிதான். பிக்சர்டு ராக்ஸ் என்ற இடம். சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் 42 மைல் நீளத்துக்குக் காடும் மணலும் பாறையும். 1966இல் அமெரிக்கா முதன்முதலாக 'தேசிய ஏரிக்கரை' என்று அறிவித்துக் காத்த இடம் அது. அங்கே காட்டுக்குள் மூன்று மைல் நடந்து போய்ச் சேர வேண்டிய மணல்கரை ஒன்று உண்டு, பெயர் சேப்பல் பீச். அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் இரண்டு கட்சியாகப் பிரிவது என்று முடிவாயிற்று: மாமியாரும் மருமகளும் முனிசிங் ஊரிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகில், அப்பாவும் நானும் ஒன்பது வயது மகளும் கால்நடையாக.

போகிற வழியில் மேக்கினாக் பாலம் வந்தது. 1957இல் திறந்தது, ஐந்து மைல் நீளம். நடுப்பகுதியில் உள்தடம் வெறும் இரும்புக் கிராதி. சக்கரத்துக்கு அடியில் தண்ணீர் தெரியும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னாள். அப்பா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கத்தில் வாழும் எங்களை 'ட்ரோல்' என்பார்கள், பாலத்துக்கு அடியில் குடியிருக்கும் பூதங்களாம். மகளுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது.

நடக்கக் குறித்திருந்த நாள் ஆடிப் பதினெட்டாக அமைந்தது. திட்டமிட்டதெல்லாம் இல்லை, என் லீவு அப்படி விழுந்தது. அம்மா நினைவில் வைத்திருந்தாள். விடியற்காலையிலேயே மோட்டலில் குளித்து, தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, கொண்டுவந்திருந்த எலெக்ட்ரிக் குக்கரில் சோறு வடித்துப் புளியோதரை கிளறிவிட்டாள். அந்த வாசனை வராண்டா முழுக்கப் பரவிற்று. மோட்டல்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் இந்தியர்தான், குஜராத்தி.

சேப்பல் சாலையின் கடைசி ஐந்து மைல் மண்பாதை, வரிவரியாகக் குலுக்கி எடுக்கும். கோடையில் காலை எட்டு ஒன்பது மணிக்கே வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிடுகிறது. 'ஒதுக்குப்புறமான' மணல்கரை என்று படித்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனாலும் மூன்று மைல் என்பது நல்ல வடிகட்டி. ஐஸ்பெட்டியும் மடக்கு நாற்காலியும் பாட்டுப்பெட்டியும் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடக்க யாருக்கும் மனம் வராது. வருகிறவர்கள் முதுகில் ஒரு பையோடு வருகிறார்கள், அடக்கமாக இருக்கிறார்கள்.

காட்டுக்குள் மேப்பிள் மரங்களும் பீச் மரங்களும். வெயில் அங்கங்கே சில்லறையாகத்தான் தரையில் விழுந்தது. அப்பா நடக்கத் தொடங்கியதும் நான் கவனித்தேன்: இது நான் சின்ன வயதில் பார்த்த நடை. வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. கண் தன் காலுக்கு நாலடி முன்னால், தரையில். வீட்டில் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்பவர், கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தயங்கி எனக்காகக் காத்து நிற்பவர், இங்கே எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். சேறான இடங்களில் பலகை அடித்து வைத்திருந்தார்கள். ஒரு பலகைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் எங்கிருந்து ஊறி வருகிறது என்று விரலால் தோண்டிப் பார்த்தார். "தெளிஞ்ச தண்ணி. பயமில்ல. கலங்கி வந்தாத்தான் மண்ணைக் கூட்டிக்கிட்டு வருதுன்னு அர்த்தம்."

மகளுக்கு முதல் மைலிலேயே கால் வலித்தது. "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று என்னிடம் கேட்டபோதெல்லாம் நான் மைல் கணக்குச் சொன்னேன். அவளுக்கு அழுகைதான் வந்தது. அப்பா கதை சொன்னார். கார்த்திகை மாதம், புயல் கரை கடந்த ராத்திரி, ஏரி நிறைந்து நிற்கிறது. காற்று மேற்கால திரும்பிவிட்டது. அலை வந்து கரையைக் கடிக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கோடு நாலு பேர். மணல் மூட்டை இருக்கிறது, அடுக்க ஆள் போதவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்று அவள் கேட்கும்போது சரியாக ஒரு மேடு வந்தது. "அந்த மேட்டுக்கு மேல போயி சொல்றேன்" என்றார். அவள் ஓடிப்போய் மேட்டில் நின்றாள். அந்தக் கதையை எனக்கு அவர் சொன்னதே இல்லை. அப்படிப்பட்ட ராத்திரிகளில் அவர் வீட்டில் இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வழியில் சேப்பல் அருவி. அறுபதடி உயரம். ஆகஸ்டில் மெலிந்து, பாறையை நனைத்துக்கொண்டு இறங்கியது. நயாகராவைப் பார்த்தவர்கள் இதை மதிக்க மாட்டார்கள். நாங்களும் அதிகம் நிற்கவில்லை.

பிறகு காடு இறங்க ஆரம்பித்தது. மண் மாறி மணலாயிற்று, பைன் வாசனை. மரங்களுக்கு நடுவே நீலம் தெரிந்தது. முதலில் கண்ணில் பட்டது சேப்பல் பாறை. ஏரிக்குள் துருத்தி நிற்கும் மணற்கல் தூண். தண்ணீர் குடைந்து குடைந்து அடிப்பக்கம் வளைவுகளாக நிற்கிறது. உச்சியில் ஒரே ஒரு வெள்ளைப் பைன் மரம். அந்தத் தலையில் மண்ணே கிடையாது. ஒரு காலத்தில் பாறைக்கும் கரைக்கும் இடையே கல் வளைவு ஒன்று பாலமாக இருந்ததாம். மரத்தின் வேர் அதன்மேல் படர்ந்து கரைக்குப் போயிருந்தது. 1940களில் வளைவு இடிந்து விழுந்துவிட்டது. வேர் மட்டும் நிற்கிறது, தேர்வடம் கனத்துக்கு, அந்தரத்தில். மரத்துக்குச் சாப்பாடு இன்னும் அதன் வழியாகத்தான் போகிறது.

பிழைக்க வந்த ஊரில் நின்றுகொண்டு இதைப் பார்க்கிற யாருக்கும் என்ன தோன்றும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கும் தோன்றிற்று, கொஞ்சம் மலிவான நினைப்பு என்று தள்ளிவிட்டேன். அப்பாவுக்கு வேறு கவலை. கரையில் மரம் இருக்கலாமா கூடாதா என்பது அவர்கள் இலாகாவில் பழைய வழக்கு. உயிரோடு இருக்கும்வரை வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மரம் செத்தால் வேர் மக்கி, கரைக்குள் குழாய் மாதிரி துளை விட்டுப் போகும், தண்ணீர் அதில் புகுந்து கரையை உடைக்கும். "அதான் பெரிய மரமா வளர விட மாட்டோம். இது ஏற்கனவே ஒடைஞ்ச கரை, பரவால்ல" என்று தீர்ப்புச் சொன்னார். பாறையைத் தட்டிப் பார்த்து, "இதுவும் மணல்தான், இறுகிப்போன மணல்" என்றார். சரிதான். ஏறக்குறைய 50 கோடி ஆண்டுக்கு முந்தைய மணல். பாறைக்குள் கசிந்து வரும் தண்ணீரில் இரும்பு இருந்தால் சிவப்பும் ஆரஞ்சும், செம்பு இருந்தால் நீலமும் பச்சையும், மாங்கனீசு இருந்தால் கறுப்பும் கோடு கோடாக வழிகின்றன. பிக்சர்டு ராக்ஸ் என்ற பெயருக்கே கசிவுதான் காரணம். இதைக் கேட்டதும் அப்பா முதன்முறையாக அந்த இடத்தை ரசித்தார்.

சேப்பல் பீச் வளைந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் பாறை மேடு, நடுவில் வெளுத்த மணல். நாங்கள் போனபோது தூரத்தில் இரண்டு கூடாரக்காரர்கள் காபி போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் ஜனம். செல்போனில் சிக்னல் இல்லை. எதிர்க்கரை இல்லை. அது கனடா, கண்ணுக்கு எட்டாது. அப்பா ஷூவைக் கழற்றிவிட்டு ஈர மணலில் போய் நின்று, ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார்.

"உப்பு இல்ல."

"ஏரிதானேப்பா."

"சொன்னா நம்பலாம். பார்த்தா நம்ப முடியல."

கைலியை மாற்றிக்கொண்டு இறங்கினார். சுப்பீரியர் ஆகஸ்டிலும் விறைக்கும். நான் முழங்கால் வரை போய்த் திரும்பிவிட்டேன். பாதம் மரத்து எலும்பு வலித்தது. அவர் வாய்க்கால் படியில் இறங்குகிற மாதிரி ஒரே சீராக நெஞ்சளவு வரை போனார், மூக்கைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து முங்கினார். எழுந்தபோது வந்த சத்தத்தில் கூடாரக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல முழுகாம இருந்ததில்லடா" என்று பல் தந்தியடிக்கச் சொன்னார்.

மணலின் ஒரு மூலையில் சேப்பல் ஓடை ஏரியில் வந்து கலக்கிறது. காட்டு இலைச்சாறு ஊறி டிக்காஷன் நிறத்தில் இருக்கும், ஏரியைவிடச் சூடு. மகள் அங்கேதான் உட்கார்ந்தாள். ஓடையிலிருந்து பிரிந்து வந்த ஒரு சின்னக் கிளைக்குக் குறுக்கே மணலைக் குவித்து அணை கட்டினாள். தண்ணீர் தேங்கிற்று, கைதட்டினாள். அரை நிமிஷத்தில் உடைத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி, இன்னும் உயரமாக. மறுபடி போயிற்று. தலை துவட்டிக்கொண்டிருந்த அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"கலிங்கு விட்டியா பாப்பா?"

அவளுக்கு அந்த வார்த்தையே தெரியாது. அவர் மணலில் உட்கார்ந்தார். முதலில் கரையின் அடியை அகலமாக்கச் சொன்னார். உயரம் ஒரு பங்கு என்றால் அடி நாலைந்து பங்கு. தண்ணீர்ப் பக்கம் கூழாங்கல் பதிக்கச் சொன்னார், அலை கடிக்காமலிருக்க. உலர் மணல் கூடாது, ஈர மணலாகக் கொண்டுவந்து அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் மிதிக்கச் சொன்னார். அவள் ஏறி நின்று குதித்தாள். கடைசியில் கரையின் ஒரு ஓரத்தில், மற்ற இடத்தைவிட இரண்டு விரற்கடை தாழ்வாக ஒரு வழி விட்டு, அதில் தட்டைக்கல் பரப்பினார். "ஏரி நெறைஞ்சா தண்ணி எங்க போவும்? அதுக்கு நாமளே ஒரு வழி காட்டிடணும். இல்லன்னா அது ஒரு வழி கண்டுபிடிக்கும்." தண்ணீர் ஏறி ஏறி வந்து, தட்டைக்கல் மேல் மெல்ல வழிந்து இறங்கியது. கரை நின்றது. கரைக்கு நடுவே ஒரு குச்சியை நட்டு, கோடு கீறி, "இது அளவுகோல். இப்ப மட்டம் என்ன, பார்த்துச் சொல்லு" என்றார். அவள் ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் பார்த்துச் சொன்னாள். மட்டம் மாறவேயில்லை என்பதில் இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது காற்று தெற்கே திரும்பிற்று. அங்கே தென்காற்று அடித்தால் மாட்டு ஈ மாதிரி ஒன்று கூட்டமாக வந்து கணுக்காலைப் பார்த்துக் கடிக்கிறது. மருந்து பூசினாலும் கேட்பதில்லை. காலைத் துண்டால் சுற்றிக்கொண்டு சாப்பிட்டோம். சாப்பிடும்போதுதான் அப்பா கேட்டார்.

"இதுக்கு எஃப்.டி.எல். எவ்வளவு?"

ஏரி முழுக்க நிறைந்து நிற்கும் மட்டத்தைக் கேட்கிறார். வீராணத்துக்கு அது 47.50 அடி. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இதைத் தினமும் பேப்பரில் பார்த்து வளர்ந்தவர்கள். கடல் மட்டத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. சுப்பீரியரின் மட்டம் அதே கணக்கில் 600 அடியை ஒட்டி இருக்கிறது. ஆழம், மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். பரப்பு சுமார் 82,100 சதுர கிலோமீட்டர். இதெல்லாம் அவருக்கு வெறும் எண்ணாகவே போய்விட்டது. "டி.எம்.சி.யில சொல்லு" என்றார்.

குச்சியால் மணலில் பெருக்கினேன். ஏரி முழுக்க ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் 82 கோடி கன மீட்டர். ஒரு டி.எம்.சி.க்கு 2 கோடியே 83 லட்சம் கன மீட்டர். வகுத்தால் 29 டி.எம்.சி. வீராணத்தின் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. மேட்டூருக்கு 93.47. அதாவது சுப்பீரியர் ஒரு விரல் நகத்தின் அகலம் ஏறினால் இருபது வீராணம். மேட்டூர் அணையை அப்படியே கொண்டுவந்து கவிழ்த்தாலும் மூன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் ஏறாது.

அப்பா அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தானே வகுத்துப் பார்த்தார். "அப்ப இங்க தண்ணிக்குச் சண்டையே வராது" என்றார். அதில் ஒரு ஏக்கம் இருந்தது. வராமல் என்ன? 1909லேயே இரண்டு நாடுகளும் எல்லைத் தண்ணீர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சுப்பீரியர் உள்ளிட்ட பேரேரிகளின் தண்ணீரை வடிநிலத்துக்கு வெளியே கொண்டுபோக அநேகமாக முற்றிலும் தடைவிதித்து, கரையோர மாநிலங்கள் எட்டும் சேர்ந்து செய்த ஏற்பாடு 2008இல் சட்டமாயிற்று. உலகத்தின் நிலமேல் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டும் ஒரு சொட்டு விடமாட்டார்கள். "நம்மளது 1892, அப்புறம் 1924" என்றார், பிள்ளைகளின் பிறந்த வருஷத்தைச் சொல்வதுபோல. காவிரி ஒப்பந்தங்களின் வருஷம் அவருக்குத் தவறாது.

நான் இன்னொன்றும் சொன்னேன். இந்த ஏரிக்கும் மதகு உண்டு. கிழக்குக் கோடியில் சூ செயின்ட் மேரி என்ற ஊரில், செயின்ட் மேரிஸ் ஆற்றுக்குக் குறுக்கே 16 ஷட்டர்கள். 1921இல் கட்டி முடித்தது. எவ்வளவு விடுவது என்று இரு நாட்டுக் குழு ஒன்று மாதாமாதம் முடிவு செய்கிறது. சராசரியாக நொடிக்கு 75 ஆயிரம் கனஅடி வெளியேறும். பெரும்பங்கு மின்நிலையங்கள் வழியாகப் போய்விடுவதால், பல நாள் பதினாறிலும் சேர்த்துப் பாதி ஷட்டர் அளவுக்குத் திறந்திருந்தாலே போதும்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "இவ்வளவு தண்ணிக்கும் சேர்த்துப் பதினாறா?"

"பதினாறு."

"பாதி ஷட்டரா?"

அந்தச் சமயம் பார்த்துச் சுற்றுலாப் படகு வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் பாறையைப் பற்றிச் சொல்வது தண்ணீர் மேல் உடைந்து உடைந்து கேட்டது. மகள் "ஆயா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அப்பா துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார், வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி. மேல்தட்டில் நிறைய பேர் பதிலுக்குக் கை ஆட்டினார்கள். எது அம்மா என்று தெரியவில்லை. படகு பாறையருகே திரும்பி முனிசிங் பக்கம் போய்விட்டது.

கிளம்புமுன் அணையைக் கலைக்க வேண்டும் என்றேன். காட்டில் எதையும் நாம் வந்தபோது இருந்தபடியே விட்டுப்போவது அங்கத்திய வழக்கம். மகள் மறுத்தாள். அப்பாவே சமாதானம் செய்து, முதலில் கலிங்குக் கல்லை எடுக்கச் சொன்னார். தண்ணீர் இறங்கிய பிறகு கரையைக் காலால் தள்ளினார்கள். தள்ளும்போதும் ஒரு முறை இருந்தது.

திரும்பும் வழி ஏற்றம். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நடையை மாற்றவில்லை. நடுவில் அவுரிநெல்லிப் பழம் பறித்துத் தின்றோம். வண்டியில் ஏறியதும் மகள் தூங்கிப்போனாள்.

முனிசிங்கில் அம்மாவும் மனைவியும் பாஸ்டி வாங்கி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் செம்புச் சுரங்கத்துக்கு வந்த கார்ன்வால்காரர்கள் கொண்டுவந்த பலகாரம், கொழுக்கட்டை உருவத்தில் பெரியது. அம்மாவுக்கு அதில் உப்பு உறைப்பு எதுவும் இல்லை என்று வருத்தம். "கரையில ஒரு ஆளு துண்டை ஆட்டிக்கிட்டு நின்னாரு. படகுல எல்லாரும் ஏதோ ஆபத்துன்னு பயந்துட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லிக்கல" என்றாள். அப்பா பாஸ்டியைக் கடித்தபடி, "நீ கையாட்டுனியா?" என்று மட்டும் கேட்டார். "ஆட்டாம?" என்றாள் அம்மா.

ராத்திரி ஒன்பது மணிக்கு, காட்டுமன்னார்கோயிலில் காலை ஆறரை ஆகியிருந்தபோது, அப்பா வாட்ஸப்பில் தன் பழைய கூட்டாளியைக் கூப்பிட்டார். இருவரும் ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர்கள். அருவி, பாறை, மரம் எதுவும் பேச்சில் வரவில்லை. "பெரிய ஏரிப்பா. ஒரு சென்டிமீட்டருக்கு இருபத்தொம்போது டி.எம்.சி. கடைசியில பதினாறு ஷட்டராம். அதுலயும் பாதி ஷட்டர்தான் தொறந்திருக்குமாம்." அந்தப் பக்கம் நீண்ட கேள்வி ஒன்று வந்தது. அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பதினாறுக்கும் லஸ்கர் எத்தனை பேர்னு கேக்குறான்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதை அப்படியே போனில் சொன்னார். ஷிப்டுக்கு நாலு பேராவது இல்லாமல் முடியாது என்று தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொண்டார்.